முதல் மிதி நல்லா இருக்கு, மூணாவது மிதி கல்லு: ஒரு பழைய காரோட பிரேக் பெடல் பத்தின நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1970களோட ஆரம்பத்துல வந்த நாலு டோர் செடான். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஒத்தை கார்புரேட்டர், பிரேக்குக்கு இன்ஜின் வேக்கத்துல (இன்ஜின் காத்தை உறிஞ்சுறதால வர்ற வெற்றிடம்) வேலை செய்யுற 8 இன்ச் பூஸ்டர், கால் பலத்தை பெருக்கி குடுக்குற டப்பா. ஓனர் ரிட்டயர் ஆனவர், வாரத்துக்கு ரெண்டு தடவை அவரே எடுத்து ஓட்டுவார், வேற யார் கையிலயும் சாவி குடுக்க மாட்டார். முந்தின வருஷம் இன்ஜின் பே முழுக்க பெயின்ட் அடிச்சு, ரப்பர் ஐட்டம் எல்லாத்தையும் புதுசா மாத்தி, பாக்கவே பளபளன்னு வச்சிருந்தார். இந்த "ரப்பர் எல்லாம் புதுசு"ங்கிற வார்த்தை தான் எங்களை ரொம்ப நாள் ஏமாத்துச்சு.

எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல ரெண்டு பெரிய வேலை நடந்திருந்துச்சு. முதல் கம்ப்ளெய்ன்ட், வண்டி சூடான பிறகு பிரேக் பெடல் ஹார்டா ஆகுதுங்கிறது. அதுக்கு அவங்க பூஸ்டரை கழட்டி எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு ரீகண்டிஷன் பண்ணின ஒன்ன போட்டாங்க. சரியாகல. அடுத்து மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிச்சா பிரேக் ஃப்ளூயிடை சக்கரங்களுக்கு தள்ளுறது, அதை மாத்தினாங்க. அதுக்கப்புறம் நிலைமை இன்னும் மோசம், முன்னாடி சூடானா மட்டும் ஹார்டா இருந்த பெடல் இப்ப காலைல முதல் ஸ்டார்ட்லயே ஹார்டு. அந்த கட்டத்துல தான் எங்க ஷெட்டுக்கு வந்துச்சு.

இதுல மூணு பேர். ஓனர், பழைய வண்டிகள்லயே காலத்தை ஓட்டின மூத்த மெக்கானிக் அண்ணன், அவர்கிட்ட வேலை பாக்குற நான்.

ஓனர் முதல் நாள் சொன்னது

அவர் சொன்னதை நோட்டுல அப்படியே எழுதி வச்சிருந்தேன், அதனால இப்பவும் வார்த்தை மாறாம சொல்ல முடியுது. "தம்பி, ஆரம்பத்துல இது எல்லா நேரமும் இப்படி இருக்காது. காலியான ரோட்டுல போய் ஒரு தடவை பிரேக் போட்டா நல்லா தான் பிடிக்கும். நெரிசல்ல நின்னு நின்னு போகும்போது தான், முதல் மிதி சரி, ரெண்டாவது கொஞ்சம் கனம், மூணாவது கல்லு."

எழுதினேன், அடிக்கோடு கூட போட்டேன், அப்புறம் பக்கத்தை திருப்பிட்டு என் வேலையை ஆரம்பிச்சுட்டேன். விடை மொத்தமும் அந்த மூணு வாக்கியத்துக்குள்ள இருந்துச்சு.

பெடல்ல மூணு விதம் கெட்ட குணம் உண்டு. பஞ்சு மாதிரி அமுங்கினா பெரும்பாலும் லைன்ல ஏர். மிதிச்சு பிடிச்சிருக்கும்போதே மெதுவா கீழ இறங்கினா மாஸ்டர் சிலிண்டர் சீல் உள்ளுக்குள்ள லீக், இல்லன்னா வெளில எங்கயோ ஒழுகுது. கல்லு மாதிரி நின்னா கதை வேற, நாம குடுக்குற பலத்தை பெருக்கி குடுக்க வேண்டிய ஏதோ ஒன்னு வேலை செய்யல, இல்ல பெடல் லீவர் கணக்கோ சிலிண்டர் சைஸோ தப்பு, இல்ல சக்கரத்துக்கிட்ட ஏதோ இறுகி கிடக்கு. எங்க வண்டி மூணாவது ரகம், அதுல சந்தேகமே இல்ல.

முதல் செக்கிங்

எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒரு முடிவு எடுத்தோம், காரணம் தெரியுற வரைக்கும் வண்டி ரோட்டுக்கு போகாது. பூஸ்டர் உதவி இல்லாட்டியும் பிரேக் பிடிக்கும், ஏன்னா பெடல்ல இருந்து மாஸ்டர் சிலிண்டர் வரைக்கும் கம்பி நேரா தான் போகுது, ஆனா அதுக்கு வேண்டிய பலம் வயசான ஒருத்தரோட காலுக்கு அவசர நேரத்துல வராது. ஹேண்ட் பிரேக்கை முதல்ல சரியா டைட் பண்ணி வச்சுக்கிட்டோம்.

அப்புறம் வழக்கமான டெஸ்ட். இன்ஜினை ஆஃப் பண்ணி அஞ்சாறு தடவை பெடலை மிதிச்சு பூஸ்டர்ல இருக்குற வேக்கத்தை காலி பண்ணிட்டு, காலை அப்படியே அழுத்தி வச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணணும். பூஸ்டர் உயிரோட இருந்தா ஸ்டார்ட் ஆன உடனே பெடல் கொஞ்சம் கீழ இறங்கும். இறங்குச்சு, ஸ்கேல் வச்சு பாத்தா கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். அடுத்தது, இன்ஜினை ஒரு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணிட்டு, அஞ்சு நிமிஷம் சும்மா விட்டுட்டு மிதிக்கிறது. ரெண்டு மிதி லேசா போச்சு, மூணாவதுல தான் கனம் வந்துச்சு. அப்படின்னா பூஸ்டரும், அதுக்குள்ள காத்து திரும்பி வராம தடுக்குற ஒன்வே வால்வும் வேக்கத்தை பிடிச்சு வச்சிருக்கு, லீக் இல்ல.

இந்த ரெண்டு டெஸ்டும் பாஸ் ஆன அன்னைக்கே பூஸ்டரை சந்தேக லிஸ்ட்ல இருந்து அடிச்சிருக்கணும். நான் அடிக்கல. ரீகண்டிஷன் பூஸ்டர்னாலே எனக்கு ஒரு அவநம்பிக்கை, உள்ள டயாஃப்ரம் (ரப்பர் தகடு) புதுசா போட்டிருப்பாங்களான்னு, அந்த அவநம்பிக்கை டெஸ்ட் ரிசல்ட்டை விட பெருசா எனக்கு தெரிஞ்சுச்சு. திரும்ப பூஸ்டர் மாத்தலாம்னு சொன்னதே நான் தான். அண்ணன் தான் "பாஸ் ஆனவனை எதுக்குடா ஃபெயில் பண்ற"ன்னு நிறுத்தினார்.

அடுத்து இன்ஜின்ல இருந்து வர்ற வேக்கம் எவ்வளவுன்னு பாக்கணும். பூஸ்டர் பக்கம் ஹோஸை கழட்டி அந்த முனையில வேக்கம் அளக்குற கேஜை சொருகினோம். ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடும்போது) 18 இன்ச், பாதரச அளவுல, ஊசி ஆடாம நின்னுச்சு. நல்ல கண்டிஷன்ல இருக்குற இன்ஜின் கடல் மட்டத்துல 17ல இருந்து 21 வரைக்கும் காட்டும், அதனால இது நல்ல நம்பர். ஹோஸ் கார்புரேட்டர்ல த்ராட்டில் தகடுக்கு மேல இருக்குற போர்ட்ல மாட்டியிருக்கான்னும் பாத்தோம், அங்க ஐடில்ல வேக்கமே வராது, நிறைய பேர் கார்புரேட்டர் கழட்டி மாட்டும்போது பண்ற தப்பு அது. இங்க நேரா இன்டேக் மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) தான் இருந்துச்சு. "வேக்கம் ஓகே"ன்னு நோட்டுல டிக் போட்டேன். தப்பான டிக். ஏன்னு பின்னாடி வருது.

சக்கரத்துக்கிட்ட தேடினது

நாலு சக்கரத்தையும் தூக்கி கையால சுத்தி பாத்தோம். முன்னாடி ரெண்டும் ஃப்ரீ. பிரேக் மிதிச்சு விட்ட உடனே சுத்தினாலும் ஃப்ரீ, அதனால ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ள வீங்கி ஃப்ளூயிடை திரும்ப விடாம பிடிச்சு வைக்குற கோளாறும் இல்ல. பின்னாடி இடது டிரம்மை கழட்டினா வீல் சிலிண்டர்ல ஒரு பக்க பிஸ்டன் துருப்பிடிச்சு இறுகி, ஒரு ஷூ மட்டும் தேஞ்சு, இன்னொன்னு புதுசு மாதிரியே இருந்துச்சு. வீல் சிலிண்டரை மாத்தினோம், ஷூ அட்ஜஸ்ட் பண்ணினோம், டாட் 4 ஃப்ளூயிட் புதுசா ஊத்தி ஏர் எடுத்தோம். செய்ய வேண்டிய வேலை தான், ஆனா பெடல் கனம் இம்மி கூட குறையல.

மாஸ்டர் சிலிண்டர்

இங்க தான் முதல் உண்மையான துப்பு கிடைச்சுது. பெடல் ஹார்டா மட்டும் இல்ல, ரொம்ப மேலயே நிக்குது, கொஞ்சம் நகர்ந்த உடனே மரக்கட்டையில மிதிச்ச மாதிரி. அண்ணன் ரெண்டு மூணு தடவை மிதிச்சு பாத்துட்டு, "போர் பெருசா போட்டிருப்பாங்க போல"ன்னார். போர்னா சிலிண்டரோட உள் விட்டம்.

ஓனர்கிட்ட பழைய மாஸ்டர் சிலிண்டர் இருக்கான்னு கேட்டோம். மனுஷன் எதையும் தூக்கி போட மாட்டார், டிக்கில அட்டைப்பெட்டிக்குள்ள பழைய துணில சுத்தி வச்சிருந்தார். வெர்னியர் வச்சு அளந்தா பழசு 7/8 இன்ச். இப்ப வண்டில இருக்குறதோட பாடியில வார்ப்புலயே 1 இன்ச்னு இருக்கு. போல்ட் ஓட்டை, பைப் நட்டு எல்லாம் ஒன்னு போல பொருந்துது, வெளில இருந்து பாத்தா அண்ணன் தம்பி மாதிரி.

எட்டுல ஒரு இன்ச் தானேன்னு தோணும். ஆனா இங்க பரப்பளவு தான் கணக்கு. 7/8 இன்ச் போருக்கு பரப்பு சுமார் 0.60 சதுர இன்ச், 1 இன்ச்சுக்கு சுமார் 0.785. அதே பிரஷர் லைன்ல வரணும்னா கம்பியில 30 சதவீதத்துக்கு மேல அதிக பலம் குடுக்கணும். பதிலுக்கு பெடல் போற தூரம் குறையும், அதனால தான் அது மேலயே நின்னுச்சு. மாத்தினவங்களுக்கு அந்த குறைஞ்ச தூரம் "நல்ல டைட்டான பிரேக்"னு தோணியிருக்கலாம், யார் கண்டது.

7/8 போர்ல புதுசு வாங்கி, வைஸ்ல வச்சு முதல்லயே உள்ள இருக்குற ஏரை எடுத்துட்டு மாட்டினோம். காலைல கூல் இன்ஜின்ல மிதிச்சா பெடல் வெண்ணெய் மாதிரி. ஓனருக்கு மட்டும் ஒரு பயம், "என்ன தம்பி, இப்ப ரொம்ப கீழ போகுதே"ன்னார். அது தான் இந்த வண்டியோட ஒரிஜினல் தூரம்னு விளக்கி, பிடிச்சிருந்தா இறங்காம அதே இடத்துல நிக்குதுன்னு அவர் காலாலயே காட்டினோம்.

அன்னைக்கு சாயங்காலம் நாங்க கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சோம். அண்ணன் மட்டும் "சூடு பண்ணி பாக்காம குடுக்க வேண்டாம்"ன்னார்.

சூடான பிறகு

வேலி போட்ட ஒரு காலி மைதானத்துல, 30 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகாம, நிறுத்தி எடுத்து நிறுத்தி எடுத்து நாற்பது நிமிஷம் ஓட்டினேன். முப்பதாவது நிமிஷம் வாக்குல பழைய கதை திரும்ப வந்துச்சு. முதல் மிதி நல்லா பிடிச்சுது. உடனே அடுத்தது கனம். மூணாவது மிதில ரெண்டு கையும் ஸ்டியரிங்கை இழுத்து பிடிச்சுக்கிட்டு, முதுகை சீட்ல முட்டுக்குடுத்து மிதிக்க வேண்டியிருந்துச்சு. வண்டியை நிறுத்தி பத்து பதினஞ்சு எண்ணிட்டு திரும்ப மிதிச்சா, லேசு.

அங்கயே பானெட்டை திறந்து அதே கேஜை அதே முனையில போட்டேன். 18 இன்ச். ஆடாம. அசையாம. சத்தியமா கேஜை தூக்கி எறியலாம்னு இருந்துச்சு.

ராத்திரி நோட்டை புரட்டும்போது அடிக்கோடு போட்ட அந்த வரி கண்ணுல பட்டுச்சு. முதல் மிதி, ரெண்டாவது, மூணாவது. கொஞ்ச நேரம் விட்டா திரும்ப சரி. இது "வேக்கம் இருக்கா இல்லையா"ங்கிற கேள்வியே இல்ல, "காலியான வேக்கம் எவ்வளவு சீக்கிரம் நிரம்புது"ங்கிற கேள்வி. ஒவ்வொரு தடவை பெடலை மிதிச்சு விடும்போதும் பூஸ்டருக்குள்ள வெளிக்காத்து வருது, அந்த காத்தை இன்ஜின் ஹோஸ் வழியா உறிஞ்சி எடுக்கணும். நான் கேஜை ஹோஸ் முனையில சொருகினப்ப அங்க காத்து ஓட்டமே கிடையாது, முனை மூடி கிடக்கு. ஹோஸ் உள்ள ஊசி நுழையுற அளவு வழி இருந்தா கூட கொஞ்ச நேரத்துல கேஜ் 18 காட்டிடும். குழாய்ல தண்ணி சொட்டு சொட்டா வந்தாலும் வாளி கடைசில நிரம்பத்தானே செய்யும், வாளியை மட்டும் பாத்துட்டு குழாய் நல்லா இருக்குன்னு சொன்ன கதை தான் என்னோடது.

கேஜை உள்ள கொண்டு வந்தது

மறுநாள் பூஸ்டருக்கும் ஒன்வே வால்வுக்கும் நடுவுல ஒரு டி ஜாயின்ட் போட்டு (இந்த வண்டில வால்வு பூஸ்டர் மேல இல்ல, ஹோஸுக்கு நடுவுல இருக்கு), அதுல இருந்து நீளமா ஒரு சன்ன ட்யூப் எடுத்து, ஜன்னல் வழியா உள்ள விட்டு கேஜை டேஷ்போர்டுல டேப் போட்டு ஒட்டினேன். இன்னொரு கேஜ் மேனிஃபோல்டுல. அண்ணன் பக்கத்து சீட்ல உக்காந்து ரெண்டையும் பாத்து வாயால சொல்ல, ஓனர் பின்சீட்ல உக்காந்து எழுதினார்.

கூல்ல மிதிச்சு விட்டா உள்ள ஊசி 14 வரைக்கும் இறங்கி ஓரிரு நொடில 18க்கு வந்துடுது. சூடு ஏற ஏற திரும்பி வர்ற நேரம் நீளுது. முப்பது நிமிஷம் தாண்டினதும் முதல் மிதிக்கு 14, அது ஏறுறதுக்குள்ள ரெண்டாவது மிதி 11, மூணாவது மிதி 8. அங்க இருந்து 18க்கு வர பன்னெண்டு நொடி. இவ்வளவு நேரமும் மேனிஃபோல்டு கேஜ் 18ஐ விட்டு நகரவே இல்ல, இன்ஜின் மேல ஒரு குத்தமும் இல்ல.

அந்த 8ங்கிறது என்ன அர்த்தம்னு பேப்பர்ல போட்டு பாத்தோம். 8 இன்ச் டயாஃப்ரமுக்கு பரப்பு சுமார் 50 சதுர இன்ச். 18 இன்ச் வேக்கம்னா ஒரு சதுர இன்ச்சுக்கு கிட்டத்தட்ட 8.8 பவுண்டு, மொத்தம் 440 பவுண்டு, அதாவது 200 கிலோ வரைக்கும் உதவி கிடைக்கும். ஸ்பிரிங்குக்கும் நடு கம்பிக்கும் போறதை கழிச்சா கொஞ்சம் குறையும், அது போகட்டும். 8 இன்ச் வேக்கத்துல அதே கணக்கு 90 கிலோ தான். பாதிக்கும் கீழ. மீதியை கால் தான் குடுக்கணும். இதுக்கு மேல முன்னாடி 1 இன்ச் மாஸ்டர் சிலிண்டர் வேற உக்காந்திருந்துச்சுன்னா ஓனர் என்ன பாடு பட்டிருப்பார்னு யோசிச்சு பாருங்க.

ஹோஸ்

மேனிஃபோல்டுல இருந்து வால்வு வரைக்கும் வர்ற ஹோஸ் பெயின்ட் வேலை நடந்தப்ப மாத்தினது. கருப்பா, பளபளன்னு, ஒரு வெடிப்பு கூட இல்ல. அழகா தெரியணும்னு வழியை கொஞ்சம் மாத்தி, சூடான புகை வெளியேறுற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேல ஒரு நாலு விரல் இடைவெளில வளைச்சு கொண்டு போயிருந்தாங்க. இன்ஜின் சூடா ஓடிட்டு இருக்கும்போதே அண்ணன் கையுறை போட்டுக்கிட்டு அந்த வளைவை ரெண்டு விரலால அமுக்கினார், வேகவச்ச கத்திரிக்காய் மாதிரி அமுங்குச்சு. காலைல கூலா இருக்கும்போது அதே இடத்தை அமுக்கினா விறைப்பா தான் இருந்துச்சு.

கழட்டி நீளவாக்குல கத்தியால கீறி பாத்தோம். வெளித்தோல் நல்லா இருக்கு. உள்தோல் வளைவுல ஒரு விரல் நீளத்துக்கு பிரிஞ்சு, நாக்கு மாதிரி நடு வழில தொங்குது. வெளில இருந்து எவ்வளவு உத்து பாத்தாலும் தெரிய வாய்ப்பே இல்ல. ஹோஸ் மேல பிரேக் வேக்கத்துக்கானதுன்னு எந்த குறியும் இல்ல, உள்ள இருந்து வெளில தள்ளுற பிரஷருக்கு செஞ்ச சாதா ஹோஸ். அதுக்கு வெளில இருந்து உள்ள அமுக்குற காத்தை தாங்க தெரியாது, சூடு பட்டா இன்னும் மோசம், மெல்லிசு ஸ்ட்ராவை வேகமா உறிஞ்சினா ஒட்டிக்குமே, அதே தான்.

என்ன முடிவு எடுத்தோம்

வெறும் ஹோஸை மட்டும் மாத்தினா போதுமா, வழியையும் மாத்தணுமான்னு ஒரு சின்ன விவாதம். ஓனருக்கு அந்த புது வழி கண்ணுக்கு அழகா இருந்துச்சு, விட மனசில்ல. அண்ணன் ஒத்துக்கல, நல்ல ஹோஸா இருந்தாலும் எக்ஸாஸ்ட் மேல வச்சு சமைச்சா எத்தனை நாள் வரும்னு கேட்டார். கடைசில நூல் பின்னல் உள்ள, பிரேக் பூஸ்டருக்குன்னே வர்ற வேக்கம் ஹோஸ் வாங்கி, மேனிஃபோல்டு மூக்கோட அளவுக்கு சரியா பொருந்துற விட்டத்துல, ஒரிஜினல் கிளிப் ஓட்டை இருந்த ஃபயர்வால் பக்கமா கொண்டு போனோம். அந்த கிளிப் ஓட்டை பெயின்ட்ல மூடி கிடந்துச்சு, சுரண்டி எடுத்தோம். ஒன்வே வால்வை வாயால ஊதி பாத்தோம், பூஸ்டர் பக்கத்துல இருந்து இன்ஜின் பக்கம் மட்டும் தான் காத்து போச்சு, அதனால அதை மாத்தல.

பூஸ்டரை தொடவே இல்ல.

அதுக்கப்புறம்

அதே மைதானம், அதே நாற்பது நிமிஷம், அதே கேஜ். சூடான பிறகும் மிதிக்கு மிதி 14க்கு இறங்கி ஓரிரு நொடில 18. தொடர்ந்து அஞ்சு தடவை மிதிச்சப்ப தான் 12 வரைக்கும் போச்சு, கால்ல வித்தியாசம் பெருசா தெரியல. ஓனர்கிட்ட சாவியை குடுத்து அவரையே ஓட்ட சொன்னோம். ரெண்டு ரவுண்டு போனவர் ஒன்னும் சொல்லாம மூணாவது ரவுண்டும் போனார்.

ஒரு மாசம் கழிச்சு திரும்ப கொண்டு வர சொல்லி ஹோஸ், ஃப்ளூயிட் லெவல், பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் பாத்தோம். ஃப்ளூயிட் லெவல் குறையல. இதை குறிப்பா பாக்க காரணம் உண்டு, மாஸ்டர் சிலிண்டரோட பின் சீல் ஒழுகினா ஃப்ளூயிட் வெளில சொட்டாம நேரா பூஸ்டருக்குள்ள போயிடும், தரையில ஒரு துளி கூட தெரியாது.

இனி வேற மாதிரி செய்யப்போறது

வேக்கத்தை ஹோஸ் முனையில மட்டும் அளந்துட்டு டிக் போடுறதை நான் விட்டுட்டேன். பெடல் கம்ப்ளெய்ன்ட்னு வந்தா டி ஜாயின்ட், பூஸ்டர் பக்கம் கேஜ், தொடர்ந்து மூணு மிதி, ஊசி திரும்புற நேரம். கோளாறு சூட்ல வருதுன்னு ஓனர் சொன்னா அளவும் சூட்ல தான். நாங்க முதல் நாளே இதை செஞ்சிருந்தா ஒரு வாரம் மிச்சம். இருந்தும் பின் வீல் சிலிண்டரை எப்படியும் கண்டுபிடிச்சிருக்கணும், அந்த வேலையை வீண்னு சொல்ல மாட்டேன்.

இன்னொன்னு, ஒரு வண்டி ரெண்டு கை மாறி வந்தா அங்க ரெண்டு கோளாறு இருக்கலாம்னு வச்சுக்கிட்டு தான் ஆரம்பிக்கணும். ஹோஸ் பழைய கோளாறு, மாஸ்டர் சிலிண்டர் ரிப்பேர் பண்ணப்போய் வந்த கோளாறு. முதல்ல ரெண்டாவது கிடைச்சுது, அது சரியான உடனே முழுசும் முடிஞ்சுதுன்னு தோணிடுச்சு. அண்ணன் சூடு பண்ணி பாக்க சொல்லலன்னா அன்னைக்கு சாயங்காலமே பில் போட்டு அனுப்பியிருப்போம், ஓனருக்கு அடுத்த நெரிசல்ல தான் தெரிஞ்சிருக்கும். இப்ப மாஸ்டர் சிலிண்டர் எது வந்தாலும் பழசை பக்கத்துல வச்சு வெர்னியர் பிடிச்சு போரை அளந்துட்டு தான் மாட்டுறோம். வண்டியில கடைசியா என்னென்ன மாத்தினாங்க, எந்த தேதில, கோளாறு அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு ஓனர்கிட்ட உக்காந்து எழுதி வாங்குறோம். இந்த வண்டில பெடல் தொல்லை பெயின்ட் வேலைக்கு அப்புறம் தான் தொடங்குச்சு, கேட்டிருந்தா சொல்லியிருப்பார், நாங்க கேக்கல.

கீறின ஹோஸ் எங்க ஷெட்ல கேஜ் மாட்டுற ஆணியிலயே தொங்குது. முதல்ல கழட்டின ஒரிஜினல் பூஸ்டரை பத்தி ஓனர் இப்பவும் கேக்குறார், அது நல்லா தானே இருந்திருக்கும்னு. இருந்திருக்கலாம். ஆனா அது எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு, டெஸ்ட் பண்ணி பாக்க இப்ப யார்கிட்டயும் இல்ல.